பதினோரு மணி மாத்திரை

சட்டைப்பையில் செல்போன் கத்தியபோது அவள் ஏணியின் நான்காவது படியில் நின்று, ரோலரை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுத்துக்கொண்டிருந்தாள். மணி பதினொன்று. இரண்டு கைகளிலும் முழங்கை வரை பெயிண்ட். சுவரில் பாதி முடிந்திருந்தது, பாதி பாக்கி இருந்தது.

"பாட்டி, மாத்திரை" என்றாள், திரும்பாமலே.

"சுவத்தை முடிடி முதல்ல" என்று கூடத்துக் கட்டிலிலிருந்து பதில் வந்தது. "ஈரம் காயறதுக்குள்ள அடுத்த இழுப்பு விழணும். நடுவுல நிறுத்தினா கோடு விழும். அப்புறம் அந்தக் கோட்டைப் பாத்துக்கிட்டே நான் படுத்துக் கிடக்கணும்."

"மாத்திரையை நேரத்துக்குப் போடணும் பாட்டி."

"நான் எங்கடி ஓடிப்போறேன்? முடிச்சிட்டு வா."

அவள் செல்போனை இரண்டு விரலால் வெளியே உருவி, மூக்கு நுனியால் திரையைத் தேய்த்து அலாரத்தை அணைத்தாள். ரோலரை டப்பாவில் புரட்டி மறுபடி மேலே ஏற்றினாள். சத்தியமாகச் சொன்னால், அவள் வாழ்நாளில் ஒரு வேலையைத் தள்ளிப் போட்டது அதுதான் முதல் தடவை.

வீட்டில் அவளுக்கு மணிக்கூண்டு என்று பெயர். வைத்தவள் பாட்டி. மணிக்கூண்டுக்குப் பஸ் டிப்போவில் நேரக் காப்பாளர் உத்தியோகம். எந்த வண்டி எத்தனை மணி எத்தனை நிமிடத்துக்கு வாசலைத் தாண்டியது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். ரெண்டு நிமிஷம் முன்னால போட்டுக்கம்மா என்று இளித்துக்கொண்டு வந்த டிரைவர்கள் எல்லாரும் வந்த வழியே திரும்பியிருக்கிறார்கள். பதினோரு வருடத்தில் ஒரு நிமிடம்கூட அவள் பொய்யாக எழுதியது கிடையாது. அப்படிப்பட்டவள் வீட்டில் ஒரு கிழவி படுக்கையில் விழுந்தால் என்ன ஆகும்? பதினாலு மாதத்துக்கு முன்னால் பாட்டி விழுந்த அன்றைக்கே ஒரு கோடு போட்ட நோட்டு வந்துவிட்டது. காலை எட்டு, பதினொன்று, மாலை நாலு, இரவு எட்டு என்று நாலு கட்டம். ஐந்தாவது கட்டத்தில் குறிப்பு: தூங்கினாள், வாந்தி, தலை சுற்றல், திட்டினாள். மாத்திரை உள்ளே போனால் டிக். அவள் வேலைக்குப் போகும் நாட்களில் அத்தையோ அம்மாவோ டிக் போட வேண்டும். வந்ததும் வராததுமாகச் செருப்பைக் கழற்றுவதற்கு முன் நோட்டைத்தான் பார்ப்பாள்.

மாத்திரைகளை அடுக்குவது அப்பாவின் வேலை. அவர் தையல் மெஷின் மெக்கானிக். கடுகு அளவு திருகாணிகளைப் பொறுக்கிப் பொறுக்கிப் பழகிய கை. ஞாயிற்றுக்கிழமை தோறும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஏழு நாளைக்கான மாத்திரைகளைப் பிரித்து, நாலு நாலு குழியாக இருக்கும் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வைத்துவிடுவார். அதில் பதினோரு மணிக் குழியில் இருப்பதுதான் முக்கியமான மாத்திரை. இளஞ்சிவப்பு. இதயத்துக்கு. இதை மட்டும் ஒரு வேளையும் தவற விடக்கூடாது என்று முதல் நாளே டாக்டர் சொல்லியிருந்தார்.

சுவர் விவகாரம் போன வாரம் ஆரம்பித்தது. பாட்டியின் கட்டிலுக்கு நேர் எதிரே ஓர் ஈரத் திட்டு. அப்பா மூன்று முறை குழாயைச் சரி செய்தார், மூன்று முறையும் திட்டு பெரிதானது. நாலாவது முறை பிளம்பரைக் கூப்பிட்டபின் நின்றது, ஆனால் கறை போகவில்லை. பாட்டி முப்பது வருடம் பெயிண்ட் கடையில் வேலை பார்த்தவள். எந்தச் சுவரைப் பார்த்தாலும் என்ன தப்பு நடந்திருக்கிறது என்று சொல்லிவிடுவாள், சொல்லாமல் இருக்கவும் மாட்டாள். ஒரு நாள் சாயங்காலம் அவள் சொன்னாள், "ஊர்ல இருக்கற சுவத்துக்கெல்லாம் கலர் சொன்னவ நான். கடைசியில இந்தக் கறையைப் பாத்துக்கிட்டே போகணுமா?"

இதற்குமேல் யார் சும்மா இருப்பார்கள்? மணிக்கூண்டு இரண்டு நாள் லீவு போட்டாள். பட்டி பார்த்துத் தேய்த்தாள். ஏழு கலரைச் சுவரில் கொஞ்சம் கொஞ்சம் தடவிக் காட்டினாள். "பழைய வாழைப்பழத் தோல்", "ஆஸ்பத்திரி", "இது கலரே இல்ல" என்று ஏழையும் தள்ளிவிட்டு, எட்டாவதாக ஓர் இளம் மஞ்சளுக்குப் பாட்டி தலையாட்டினாள். வாடை இல்லாத பெயிண்ட்தான். இருந்தாலும் கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்திப் போட்டார்கள், திறந்த கதவு வழியாகச் சுவர் நேராகத் தெரிகிற மாதிரி. அது பாட்டி போட்ட நிபந்தனை.

இப்போது அந்தச் சுவர்தான் பாதியில் நின்றது. மணிக்கூண்டு இழுத்தாள், நனைத்தாள், இழுத்தாள். பதினொன்று இருபது இருக்கும், "மேல மூலையில விட்டுட்டே பாரு" என்றாள் பாட்டி.

"எந்த மூலை?"

"இடது பக்கம். கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

எட்டி அந்த மூலையை நிரப்பினாள். அதற்கப்புறம் கூடத்திலிருந்து சத்தம் வரவில்லை. பாட்டி வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்றால் வேலை சுத்தமாக நடக்கிறது என்று அர்த்தம். கொஞ்சம் கர்வத்தோடுதான் கடைசி இழுப்பை இழுத்தாள். ரோலரைத் தட்டில் போட்டுவிட்டு இறங்கி, சுவரைப் பார்த்தபடியே பின்வாங்கி வாசற்படிக்கு வந்தாள்.

"எப்படி பாட்டி?"

கட்டிலில் பாட்டி அறைப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கண் பாதி திறந்திருந்தது. போர்வை ஏறி இறங்கவில்லை. மணிக்கூண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவை ஏறினால் போதும் என்று நின்றாள். ஏறவில்லை. மணி பதினொன்று நாற்பத்திரண்டு.

முதலில் அவள் அழவில்லை. இதை மறைப்பதில் பயனில்லை. பாட்டியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அங்கே ஒட்டிக்கொண்ட மஞ்சள் பெயிண்டைச் சட்டை நுனியால் துடைத்துவிட்டாள். கண்ணை மூடிவிட்டாள். பிறகு தலைமாட்டு மேஜையில் மாத்திரைப் பெட்டி கண்ணில் பட்டது. வியாழக்கிழமை, இரண்டாவது குழி. இளஞ்சிவப்பு மாத்திரை அப்படியே உட்கார்ந்திருந்தது. பதினாலு மாதம் தப்பாத மாத்திரை, தப்பிய நாற்பத்திரண்டாவது நிமிடத்தில் ஆள் இல்லை.

கை தானாக நீண்டு மாத்திரையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டது. அதே கை பேனாவை எடுத்தது. பதினோரு மணிக் கட்டத்தில் ஒரு டிக். காகிதத்தில் மஞ்சள் கட்டைவிரல் ரேகையும் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து பாட்டியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

செய்தி கேட்டு அம்மா தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட அலுவலகத்திலிருந்து ஓடி வந்தாள். வாசலிலேயே, தினமும் போனில் கேட்கிற கேள்வி வாயில் வந்துவிட்டது. "மாத்திரை குடுத்தியா?"

"குடுத்தேன்."

அவ்வளவுதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாகிவிட்டது. ஒரு சொல்லில் முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

அப்பா வந்தார். பாட்டியின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். டாக்டர் வந்து பார்த்தார். "இதயம் மெதுவா நின்னிருக்கு. வலி இருந்திருக்காது. தூக்கத்துல போற மாதிரிதான்" என்றார். நோட்டை எடுத்து அன்றைய பக்கத்தைப் பார்த்தவர், மூடி வைத்துவிட்டு மணிக்கூண்டின் தோளைத் தட்டினார். "ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டீங்கம்மா." சொல்லிவிட்டு அப்பாவை ஒரு பார்வை பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மணிக்கூண்டுக்கு அதையெல்லாம் கவனிக்கிற புத்தி அப்போது இல்லை. மெதுவாக நின்றது என்றால் எதனால் நின்றது என்று ஒரே கேள்விதான் மண்டைக்குள் ஓடியது.

அத்தை வந்தபிறகுதான் சோதனை ஆரம்பித்தது. அத்தை என்றால் அப்பாவின் அக்கா. இரண்டு தெரு தள்ளி வீடு. அவள் மெதுவாகப் பேசினாலே மாடி வீட்டுக்குக் கேட்கும், அழுதால் கேட்க வேண்டாம். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டதும், வருகிறவர்கள் ஒவ்வொருவரிடமும் ஆரம்பித்தாள்.

"எங்கம்மாவுக்கு இந்த வயசுக்கு மேல என்ன வேணும் சொல்லுங்க. பெத்த பொண்ணு நான்கூட இப்படிப் பாத்திருக்கமாட்டேன். இந்தப் பொண்ணு ஒரு வேளை மாத்திரை தவற விட்டதில்ல. பதினாலு மாசம். பாருங்க, நோட்டைப் பாருங்க."

நோட்டு கை மாறியது. எதிர் வீட்டு டெய்லர் பார்த்தார், அவர் மனைவி பார்த்தாள். அத்தை கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். "இன்னிக்கும் பாருங்க. பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருந்திருக்கா. அந்தக் கையோடவே இறங்கி வந்து மாத்திரையைக் குடுத்துட்டுத்தான் மறுவேலை. விரல் ரேகை இருக்கு பாருங்க. இப்படி யாரு செய்வா?"

டெய்லர் மனைவி மணிக்கூண்டின் கன்னத்தைத் தடவினாள். இவளோ திருடனுக்குத் தேள் கொட்டிய மாதிரி உட்கார்ந்திருந்தாள். யாராவது திட்டினாலாவது தேவலை. ஏன்டி பெயிண்ட் அடிச்சே, ஏன்டி கவனிக்கலே என்று யாராவது கேட்டால் அந்த வாக்கில் உண்மையும் வந்துவிடும். பாராட்டுகிறவர்களிடம் எதைச் சொல்வது?

நாலு மணிக்கு டிப்போ மேனேஜர் வந்தார். அத்தை அவரிடமும் நோட்டை நீட்டினாள். அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் பார்த்தார். "இவ எழுதினா அதுல மறு பேச்சே கிடையாதுங்க. டிப்போவுல சண்டை வந்தா இவ பதிவேட்டைத்தான் எடுப்போம்" என்றார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுக்குக் குறுகுறுக்கவில்லை, இடித்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் இதே மேனேஜரிடம் ஒரு சக ஊழியரைக் காட்டிக் கொடுத்தவள் அவள். அந்த ஆள் நாலு நிமிடம் தள்ளி எழுதியிருந்தார். கெஞ்சினார். எழுதினது எழுதினதுதான் என்று சொல்லிவிட்டாள்.

ஐந்து மணி வாக்கில் கூட்டம் சற்றுக் கலைந்தது. அப்பா அவளைக் கண்ணால் கூப்பிட்டார். "அந்த ரூம்ல ஏணி அப்படியே நிக்குது. யாராவது இடிச்சுக்கப் போறாங்க. பெயிண்ட் டப்பாவையும் மூடணும், காஞ்சிடும்."

இருவரும் உள்ளே போனார்கள். அப்பா கதவைப் பாதி சாத்தினார். ஏணியை மடக்கினார். அவள் குனிந்து டப்பா மூடியைச் சுத்தியலால் தட்டிப் பொருத்தினாள். ரோலரைத் தண்ணீர் வாளியில் போட்டாள். அப்பா ஏணியைச் சாத்தி வைத்துவிட்டுச் சுவரெதிரே நின்றார். சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சுவரில் சாய்ந்து விழுந்தது. அந்த மாதிரி வெயிலில் சுவரின் எல்லாக் குறையும் தெரியும்.

"ஒரு கோடு இல்லம்மா" என்றார் அப்பா. "எங்கம்மா பாத்தாங்களா?"

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. பையிலிருந்து மாத்திரையை எடுத்து அவர் முன்னால் நீட்டினாள். வேர்வையிலும் பெயிண்ட் ஈரத்திலும் ஊறி அதன் இளஞ்சிவப்புத் தோல் பாதி கரைந்து, சட்டைத் துணியில் ஒட்டியிருந்தது.

"நான் குடுக்கலப்பா."

அப்பா மாத்திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பதினொண்ணுக்கு அலாரம் அடிச்சுது. பாட்டி சுவத்தை முடிச்சிட்டு வான்னாங்க. நான் ஏணியிலயே நின்னுட்டேன். வந்து பாத்தா போயிட்டாங்க. மாத்திரை பெட்டியிலயே இருந்தது. எடுத்து ஒளிச்சிட்டேன். நோட்டுல டிக் போட்டுட்டேன். அம்மாகிட்ட பொய் சொன்னேன். ஒரு சுவத்துக்காக நான் பாட்டியைக் கொன்னுட்டேன்பா."

அப்பா பட்டி வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த மாதிரியும் இல்லை, விழுந்த மாதிரியும் இல்லை. கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். திட்டப் போகிறார் என்று காத்திருந்தாள்.

"இது இதய மாத்திரை இல்லம்மா" என்றார்.

"என்னது?"

"சத்து மாத்திரை. சும்மா ஒரு சத்து மாத்திரை."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "பன்னெண்டு நாள் ஆச்சு அதை நிறுத்தி. எங்கம்மாதான் கேட்டாங்க. 'இதைப் போட்டாத்தான்டா தலை சுத்துது, சாப்பிட்டது நிக்கமாட்டேங்குது, எதுக்கு இது'ன்னு. டாக்டரைக் கூட்டிக்கிட்டு வந்தேன், நீ வேலைக்குப் போயிருந்தே. பாத்துட்டு, 'பிரஷர் ரொம்ப இறங்கிப் போச்சு, இனிமே இந்த மாத்திரையால உபத்திரவம்தான், உபகாரம் இல்ல'ன்னார். 'அதிக நாள் இல்ல, இருக்கற நாளாவது நிம்மதியா இருக்கட்டும், நிறுத்திடுவோமா'ன்னு கேட்டார். அம்மா சரின்னாங்க. நானும் சரின்னேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்றேன்னுதான் சொன்னேன். அம்மா விடல. 'அவகிட்ட சொன்னா அன்னியிலேர்ந்து நாள் எண்ண ஆரம்பிச்சிடுவா. முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு என் தலைமாட்டுலயே உக்காந்திருப்பா. எனக்கு அது வேணாம்டா. குழி காலியா இருந்தாத்தானே கேப்பா, வேற எதையாவது போட்டு வை. அவ பாட்டுக்குக் குடுக்கட்டும், நான் பாட்டுக்கு முழுங்கறேன்'னாங்க. அதே கலர் வேணும்னு மூணு மருந்துக்கடை ஏறி இறங்கினேன். கலர் கிடைச்சுது, சைஸ்தான் கொஞ்சம் பெரிசு. எங்க நீ கண்டுபிடிச்சிடுவியோன்னு வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

போன வாரம் அவள் கேட்டது ஞாபகம் வந்தது. என்ன பாட்டி, மாத்திரை பெரிசா இருக்கற மாதிரி இருக்கே என்றாள். என் தொண்டை சின்னதாயிடுச்சுடி, குடு என்றாள் பாட்டி. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பன்னிரண்டு நாளாக என்னை வைத்து நாடகம் ஆடியிருக்கிறார்கள், கிழவியும் மகனும். அதற்கு அடியிலிருந்து இன்னொன்று கிளம்பி வந்தது. நான் கொல்லவில்லை. தப்பியது ஒரு சத்து மாத்திரை. யாரோ வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது, ஊடே சிரிப்பும் வந்தது. இரண்டையும் அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள். கூடத்தில் பாட்டியைக் கிடத்தி வைத்துக்கொண்டு இங்கே இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டால் நன்றாகவா இருக்கும்?

அப்பா சிரிக்கவில்லை. "நீ இதைச் சொன்னதும் எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா?" என்றார். "நீ ஒரு வேளை குடுக்கலைன்னு இப்படித் துடிக்கறே. நான் பன்னெண்டு வேளையை நிறுத்தினவன். உங்கம்மா போன் பண்ணின நிமிஷத்துலேர்ந்து எனக்கு ஒரே நினைப்பு. நிறுத்தாம இருந்திருந்தா இன்னும் ஒரு மாசம் இருந்திருப்பாங்களோ? சரின்னு சொன்னது என் வாய்தானே. எங்கக்கா அங்க உக்காந்துக்கிட்டு உன்னைப் புகழ்றா. ஒவ்வொரு தடவையும் என்னைக் கன்னத்துல அறையற மாதிரி இருக்கு."

மணிக்கூண்டு நிமிர்ந்து பார்த்தாள். அவரும் காலையிலிருந்து தன்னைப் போலவே உட்கார்ந்திருந்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. எழுந்து கூடத்துக்குப் போனாள். அத்தையின் மடியிலிருந்து நோட்டை வாங்கிக்கொண்டு வந்தாள். பக்கங்களைப் பின்னால் புரட்டி அவர் முன்னால் பிடித்தாள்.

"கடைசிக் கட்டத்தை மட்டும் பாருங்க. குறிப்பு. இந்த வாரம் வாந்தின்னு எங்கயாவது இருக்கா?"

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இல்ல."

"அதுக்கு முந்தின வாரம்?"

"திங்கக்கிழமை வரைக்கும்தான் இருக்கு."

"அதுக்கு முன்னாடி ரெண்டு மாசத்தைப் பாருங்க. தினம் வாந்தி, தினம் தலை சுத்தல். நிறுத்தின ரெண்டு நாளைக்கப்புறம் ஒரு நாள் இல்ல. என்ன எழுதியிருக்கேன் பாருங்க. தூங்கினாள். சாப்பிட்டாள். திட்டினாள். திட்டினாள். திட்டினாள்." அவள் விரல் கட்டம் கட்டமாக இறங்கியது. "நேத்து எழுந்து உக்காந்து ஏழு கலரைத் தள்ளினாங்கப்பா. தலையைத் தூக்க முடியாம கிடந்தவங்க. இன்னிக்கு அங்கேர்ந்து இங்க நான் மூலையை விட்டதைக் கண்டுபிடிச்சாங்க. அந்தத் தெம்பு எங்கேர்ந்து வந்தது? நீங்க சரியாத்தான்பா பண்ணீங்க."

அப்பா நோட்டை இன்னும் ஒருமுறை படித்தார். ஒவ்வொரு கட்டமாக, திருகாணி பொறுக்குகிற நிதானத்தோடு படித்தார். பிறகு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். காலையிலிருந்து அவர் அழாமல் இருந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுது முடித்து மூச்சை நன்றாக இழுத்து விட்டபோது அவர் தோள்கள் இறங்கியது அவள் கைக்குத் தெரிந்தது.

"மூலை விட்டுப்போச்சுன்னா சொன்னாங்க?" என்றார்.

"கண்ணு பிடரியிலயா இருக்குன்னாங்க. அதுதான் கடைசி வார்த்தை."

அப்பா மூக்கைச் சிந்திக்கொண்டே சிரித்துவிட்டார்.

இருவரும் கூடத்துக்கு வந்தார்கள். வீட்டு ஆட்கள் மட்டும்தான் இருந்தார்கள். மணிக்கூண்டு பேனாவை எடுத்து, கட்டிலருகே நின்றபடியே கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். டிப்போவில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக்கூடாது, மேலே கிறுக்கவும் கூடாது. ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அதே மாதிரி பதினோரு மணி டிக்கின் மேல் ஒரு கோடு இழுத்தாள். 'கொடுக்கவில்லை' என்று எழுதினாள். கையெழுத்துப் போட்டாள்.

அத்தை எட்டிப் பார்த்தாள். "என்னடி பண்றே?"

"இன்னிக்குப் பதினோரு மணி மாத்திரை குடுக்கல அத்தை. பெயிண்ட் அடிச்சுக்கிட்டிருந்தேன். பொய்யா டிக் போட்டேன்."

அம்மா வாசற்படியில் நின்றுவிட்டாள். அப்பா வாயைத் திறந்தார், சத்து மாத்திரைக் கதையைச் சொல்லிக் காப்பாற்றிவிடலாம் என்று. அதற்குள் அத்தை மணிக்கூண்டின் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை.

"நீ பயிற்சின்னு மூணு நாள் வெளியூர் போனியே, அப்ப நான்தானே இருந்தேன்."

"ஆமா."

"ரெண்டு வேளை மறந்துட்டேன்டி. ஒரு நாள் தூங்கிட்டேன். இன்னொரு நாள் எதிர் வீட்டுல பேசிக்கிட்டே நின்னுட்டேன். வந்து பாத்து நெஞ்சு திக்குன்னு ஆயிடுச்சு. உன்கிட்ட என்ன பதில் சொல்றதுன்னு உங்க பாட்டிகிட்டதான் அழுதேன். அந்தப் பேனாவை எடுன்னாங்க. எடுத்துக் குடுத்தேன். அவங்களே டிக் போட்டாங்க. 'மணிக்கூண்டு பாத்தா உன்னையும் விடமாட்டா, என்னையும் விடமாட்டா, வாயை மூடிக்கிட்டு இரு'ன்னாங்க."

மணிக்கூண்டு பக்கங்களைத் திருப்பினாள். பயிற்சிக்குப் போன அந்த மூன்று நாளையும் தேடிப் பிடித்தாள். இரண்டு டிக்குகள் மட்டும் வேறு மாதிரி இருந்தன. நடுங்கி, வால் நீண்டு, கட்டத்தைத் தாண்டிப் போயிருந்தன. திரும்பி வந்த அன்று அவளே அதைப் பார்த்து, அத்தையின் கையெழுத்து மோசம் என்று நினைத்திருக்கிறாள்.

அவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "நானும் ஒரு தடவை..." என்று வாயெடுத்தாள். பிறகு, "எல்லாருக்கும் காபி போடறேன்" என்று சொல்லிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அப்பா கூரையைப் பார்த்தார். அத்தை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள், ஆனால் வயிறு குலுங்கியது.

பதினாலு மாதம் இந்த வீட்டைத் தான்தான் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்ததாக மணிக்கூண்டு நினைத்திருந்தாள். நாலு பேர் மறந்திருக்கிறார்கள், நிறுத்தியிருக்கிறார்கள், பொய் சொல்லியிருக்கிறார்கள், அந்தக் கிழவி எல்லாருக்கும் உடந்தையாக இருந்திருக்கிறாள். எல்லாவற்றையும் மீறிப் பாட்டி தன் நேரத்துக்குத்தான் போயிருக்கிறாள். அதை நினைக்க அவளுக்கு வெட்கமாக இல்லை. நிம்மதியாக இருந்தது. நன்றாக, நெஞ்சு நிறைய நிம்மதியாக இருந்தது. அன்று இரவு அவள் குளித்து உடை மாற்றிக்கொண்டு படுத்தாள், படுத்ததும் தூங்கிவிட்டாள்.

மறுநாள் காலை பாட்டியைக் கொண்டுபோகும் வண்டி வந்து வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி வந்து, கூடத்தைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார், "எத்தனை மணிக்குக் கிளம்பணுங்க?"

அப்பா, அத்தை, அம்மா, எதிர் வீட்டு டெய்லர், அவர் மனைவி எல்லாருமாகத் திரும்பி மணிக்கூண்டைப் பார்த்தார்கள்.

"அவசரம் ஒண்ணும் இல்லண்ணே" என்றாள் அவள். "உக்காருங்க. காபி குடிச்சிட்டுக் கிளம்பலாம்."

அம்மா தட்டில் டம்ளர்களை அடுக்கிக்கொண்டு வந்தாள். மணிக்கூண்டு டிரைவருக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தனக்கு ஒன்றை எடுத்துக்கொண்டாள். பாட்டியின் தலைமாட்டுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஊதி ஊதிக் கடைசி வாய் வரை குடித்தாள்.